கொறங்காடு, இட்டேரி, குளம்: ஓர் ஊரின் உயிரினங்களைக் கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தூர்வாரப்படவிருந்த ஒரு குளத்தில் சில மாதங்கள் அலைந்து திரட்டிய பறவைப் பட்டியலை, அந்தப் பணிக்குப் பொறுப்பான அதிகாரியிடம் நாங்கள் கொடுத்தோம். அவர் அலட்சியம் காட்டவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் மண் எடுக்கக் கூடாது, எந்த மாசம் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். பட்டியலில் அதற்கு விடை இல்லை. எந்தப் பறவை எந்தக் கரையில் இருந்தது, எந்த மாதத்தில் முட்டையிட்டது, எத்தனை முறை போய் எத்தனை முறை பார்த்தோம் என்பவற்றை நாங்கள் குறித்து வைத்திருக்கவே இல்லை. பெயர்கள் மட்டும் இருந்தன.

கொங்கு நாட்டின் சமவெளியில், அதாவது காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், சென்னிமலை வட்டாரங்களில், ஊராட்சி அளவில் தாவரங்களையும் விலங்குகளையும் கணக்கெடுக்க விரும்பும் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், பறவை நோக்குவோர், உழவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் வனத்துறை முறைப்படிக் கணக்கெடுக்கிறது. காப்புக்காட்டுக்கு வெளியே கிடக்கும் வறண்ட நிலத்தைக் கணக்கெடுக்க ஆள் குறைவு. அந்த நிலத்தைப் பற்றிய முடிவுகளோ ஒவ்வொரு மாதமும் எடுக்கப்படுகின்றன.

முடிவை முதல் பக்கத்தில் எழுதுங்கள்

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்க வேண்டும்: எதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள், யார் எடுக்கப் போகிறார்கள், எந்த மாதத்துக்குள் எடுக்கப் போகிறார்கள். கணக்கெடுப்பின் முறை, காலம், இடம் மூன்றும் இந்த வரிகளிலிருந்தே பிறக்கும்.

குளத்தைத் தூர்வாருவது என்றால் கரைவாரியாகவும் ஆழவாரியாகவும் பறவைகள் தேவை. குளத்தின் மீன் பட்டியலோ ஊரின் பட்டாம்பூச்சிப் பட்டியலோ அங்கே உதவாது. வேலிகளுக்கு நடுவே ஓடும் வண்டிப்பாதையான இட்டேரியை அகலப்படுத்தித் தார்ச்சாலை போடுவது என்றால், இரண்டு பக்க வேலிகளில் எந்தப் பக்கம் பழமையானது, எந்தப் பக்கத்தில் செடிவகை அதிகம் என்பதை அளந்தாக வேண்டும். மேய்க்கால் புறம்போக்கில் மரக்கன்று நடுவது என்றால் அங்கே தரையில் கூடு வைக்கும் பறவைகளையும் புல்வகைகளையும் பார்க்க வேண்டும். மரம் நடுவதை எதிர்த்துப் பேசினால் ஊரில் முகம் சுளிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் வானம்பாடிக்கும் கல்கௌதாரிக்கும் வேண்டியது வெட்டவெளி. புல்தரையில் நெருக்கமாக நடப்படும் தோப்பு அவற்றை வெளியேற்றிவிடும். அதைச் சொல்வதற்குத் தரவு வேண்டும்.

முடிவெடுப்பவர் யார் என்பதிலும் இங்கே ஒரு தனித்தன்மை உண்டு. கொறங்காடு பெரும்பாலும் பட்டா நிலம். முள்கிளுவையால் உயிர்வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரமும் வளரவிட்டு, பகுதி பகுதியாக மாடுகளையும் ஆடுகளையும் மாற்றி மேய்க்கும் தனியார் மேய்ச்சல் நிலம் அது. அதை அப்படியே வைத்திருப்பதா, சூரிய மின்னுற்பத்திக்கோ வீட்டுமனைக்கோ விற்பதா என்பதை முடிவு செய்பவர் நில உரிமையாளர். அவருக்கு எழுதும் அறிக்கையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் அறிக்கையும் ஒன்றாக இருக்க முடியாது.

நிலத்தை ஊரார் பிரிப்பது போலப் பிரியுங்கள்

கணக்கெடுப்புக்கு முன் நிலத்தை வகைகளாகப் பிரிக்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரும் வகைப்பாட்டைவிட ஊரில் வழங்கும் சொற்களே இதற்குப் பொருத்தமானவை என்பது என் அனுபவம். கிணற்றுப் பாசனமுள்ள தோட்டம், மழையை நம்பிய மேட்டாங்காடு, மேய்ச்சலுக்கான கொறங்காடு, வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரி, மழைநீர் வடியும் பள்ளம், குட்டை, குளம், பாறையும் புதருமான கரடு ஆகிய ஒவ்வொன்றிலும் மண்ணும் ஈரமும் நிழலும் மேய்ச்சலும் வேறுபடுகின்றன, உயிரினங்களும் வேறுபடுகின்றன.

ஓர் எச்சரிக்கை. கொங்கு வழக்கில் "காடு" என்றால் வேளாண் நிலம். "எங்க காட்டுல நேத்துக்கூட மொசல் ஓடுச்சுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் தமது சோளக்காட்டைச் சொல்கிறார். வெளியூரிலிருந்து வந்த தன்னார்வலர் இதை வனம் என்று எழுதிக்கொண்டால் தரவு முழுவதும் கெட்டுவிடும்.

அடுத்து வருவாய்ப் பதிவேடுகள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணும் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்த்து, புலப்படத்தின் நகலையும் பெற்றுக்கொள்ளுங்கள். இட்டேரி வண்டிப்பாதைப் புறம்போக்காகவும், கரடும் புல்வெளியும் தரிசாகவும் பதிவாகியிருப்பதைக் காண்பீர்கள். தீர்வை ஏற்படாத தரிசு என்ற சொல் வரி தொடர்பானது. உயிரினங்கள் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படித்துக்கொள்கிறார்கள். உங்கள் தரவு புல எண்ணோடு இணைந்திருந்தால்தான் அந்த வாசிப்பை மறுக்க முடியும்.

செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைகளை வரைந்து, ஒவ்வொரு நில வகையிலும் எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று கணக்கிட்டு, அந்த விகிதத்தில் மாதிரி இடங்களைப் பிரித்துக்கொடுங்கள். இடங்களை வீட்டிலிருந்தபடியே, சீட்டுக் குலுக்கியோ எண்களிட்ட கட்டங்களிலிருந்தோ தேர்ந்தெடுக்க வேண்டும். களத்துக்குப் போய் அழகான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் கண் நிழலுக்கும் தண்ணீருக்கும்தான் போகும்.

முன்பே தெரிந்தவற்றைத் திரட்டுங்கள், அனுமதி பெறுங்கள்

கோயம்புத்தூரில் 1955 முதல் இயங்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் பெரிய உலர்தாவரச் சேகரிப்பு இருக்கிறது. ஆனைகட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட சலீம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் பறவைகளுக்கு. பறவை நோக்குவோர் தம் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் உங்கள் வட்டாரக் குளங்களுக்கு எத்தனை பட்டியல்கள் பதிவாகியிருக்கின்றன, எந்த மாதங்களில் ஒன்றுமே இல்லை என்பதையும் பாருங்கள். அந்த வெற்று மாதங்கள்தாம் நீங்கள் போக வேண்டிய மாதங்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுவும் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

காப்புக்காட்டுக்குள் நுழைவதற்கு வனத்துறையின் எழுத்துமூல அனுமதி கட்டாயம். சென்னிமலை, ஊதியூர் போன்ற குன்றுகளின் அடிவாரத்தில் எது காப்புக்காடு, எது புறம்போக்கு, எது பட்டா என்பது கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தில் சரிபார்த்த பிறகே ஏறுங்கள். பட்டா நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அதைத் தொலைபேசியில் கேட்பதைவிட வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டுக் கேட்பது மேல். நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள வனத்துறை அனுப்பிய ஆட்களோ என்ற ஐயம் எல்லோருக்கும் உண்டு. என்ன எழுதுகிறீர்கள், யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

எந்த மாதம்

கொங்குச் சமவெளி மழை மறைவுப் பகுதி. ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. சித்திரை, வைகாசியில் கோடைமழை சிறிது உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் மழையைவிடப் புழுதியே அதிகம். இதைக் கொண்டு நாட்காட்டி அமையும்.

செடிகளுக்கும் புற்களுக்கும் கார்த்திகை, மார்கழி. அப்போதுதான் புல் கதிர்விட்டிருக்கும். கதிர் இல்லாத புல்லை அடையாளம் காண்பது வல்லுநருக்கே கடினம். வலசைப் பறவைகளுக்கு ஐப்பசி முதல் மாசி வரை. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி போன்ற தரையில் முட்டையிடும் பறவைகளுக்குப் பங்குனி முதல் ஆனி வரை. ஆடிக்காற்றில் குரல் கேட்டு எண்ணும் பறவைக் கணக்கெடுப்பை வைத்துக்கொள்ள வேண்டாம். காலை எட்டு மணிக்குமேல் நம் பேச்சே நமக்குக் கேட்காது. மொத்தத்தில் ஓர் ஆண்டில் மூன்று சுற்றுகளாவது வேண்டும். முடிவெடுக்க இரண்டு மாதமே இருக்கிறது என்றால் ஒரு சுற்றாவது செய்துவிட்டு, எந்தப் பருவம் விடுபட்டது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தாவரங்கள்

தாவரக் கணக்கெடுப்பில் தரையில் குறிக்கும் அளவுச் சதுரங்கள்தாம் அடிப்படை. புல், பூண்டுகளுக்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர். புதர்களுக்கு 5க்கு 5. மரங்களுக்கு 10க்கு 10. மரச் சதுரத்தின் இரு மூலைகளில் புதர்ச் சதுரங்களும், நான்கு மூலைகளிலும் நடுவிலும் புல் சதுரங்களும் வைத்தால் ஒரே இடத்தில் மூன்று அடுக்குகளையும் அளந்துவிடலாம். மரங்களுக்குத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுங்கள். புல்லுக்கு எண்ணிக்கை பொருந்தாது. சதுரத்தில் எத்தனை விழுக்காடு பரப்பை மூடியிருக்கிறது என்று இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, பெரிதும் வேறுபட்டால் மறுபடி பாருங்கள். வெற்று மண், பாறை, சாணம் ஆகியவற்றின் விழுக்காட்டையும் எழுத வேண்டும், ஏனெனில் மேய்ச்சலின் அழுத்தம் அவற்றில்தான் தெரியும்.

எத்தனை சதுரங்கள் போதும் என்பதற்கு எளிய சோதனை இருக்கிறது. ஒவ்வொரு சதுரமும் முடிந்த பிறகு அதுவரை கிடைத்த மொத்தச் செடிவகை எண்ணிக்கையை ஒரு கோட்டுப்படத்தில் குறித்துவாருங்கள். முதலில் செங்குத்தாக ஏறும் கோடு மெல்லச் சரிந்து படுக்கும். தொடர்ந்து நான்கைந்து சதுரங்களில் புதுச்செடி ஒன்றும் வரவில்லை என்றால் அந்த நில வகைக்கு அது போதும். கொறங்காட்டில் கோடு விரைவில் படுத்துவிடும். பள்ளத்தில் அவ்வளவு விரைவில் படுக்காது.

இட்டேரிக்குச் சதுரம் ஒத்துவராது. அது நீளமான வாழிடம். 100 மீட்டருக்கு ஒரு முறை நின்று, இரு பக்க வேலியிலும் 10 மீட்டர் நீளத்தை அளந்து, உயரம், அகலம், இடைவெளிகள், செடிவகைகள் ஆகியவற்றைப் பக்கவாரியாக எழுதுங்கள். பழைய வேலியில் முள்கிளுவையோடு பிரண்டை, சங்கஞ்செடி, கோவை, தூதுவளை, விழுதி எல்லாம் பின்னிக் கிடக்கும். கல்தூணும் கம்பியும் நட்ட வேலியையும் தவறாமல் குறியுங்கள். உயிர்வேலி எத்தனை மீட்டர் மிச்சமிருக்கிறது என்ற ஒற்றை எண்ணே ஊராட்சிக் கூட்டத்தில் பல பக்க விளக்கத்தைவிட அதிகம் பேசும்.

பெயர்களில் பெரிய பொறி இருக்கிறது. வேல் என்று முடியும் மரங்கள் பல: வெள்வேல், கருவேல், குடைவேல், இவற்றோடு வெளிநாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேல். "வேலா மரம் அம்பது நிக்குதுங்க" என்பதைக் கேட்டு எழுதினால் அது எந்த மரம் என்பது ஒரு வாரத்தில் உங்களுக்கே மறந்துவிடும். மற்ற ஊர்களில் உசில் எனப்படுவது இங்கே தலைக்குத் தேய்க்கும் பொடியை வைத்து அரப்பு மரம். ஆகவே ஊர்ப்பெயர், நூல்பெயர், அறிவியல் பெயர் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். அறிவியல் பெயர்களும் மாறுகின்றன: வெள்வேலைப் பழைய நூல்கள் அக்கேசியா என்ற பேரினத்தில் வைக்கும், இப்போது அது வச்செல்லியா. இரண்டையும் வேறு மரங்களாக எண்ணிவிடக் கூடாது.

அடையாளம் தெரியாத செடிக்கு முழுச்செடி, இலையின் இரு பக்கம், பூ, காய், தண்டு என ஐந்து படங்களாவது எடுங்கள். ஒரு சிறு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி வைத்தால் வல்லுநரிடம் காட்டலாம். ஆனால் அந்த இடத்தில் இரண்டு மூன்றே செடிகள் நின்றால் பறிக்காதீர்கள். பாறைச் சரிவில் முளைக்கும் கள்ளிமுளையான் போன்றவற்றைப் படத்தோடு விட்டுவிட வேண்டும்.

பறவைகள்

நிலப்பறவைகளுக்கு நிலைப்புள்ளி முறை ஏற்றது. புள்ளிகளுக்கு இடையே 200 மீட்டருக்குக் குறையாத இடைவெளி. ஒவ்வொரு புள்ளியிலும் வந்தவுடன் இரண்டு நிமிடம் அசையாமல் நின்று பறவைகள் அடங்கட்டும். பிறகு 10 நிமிடத்தில் கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையே வேலை. தலைக்குமேல் பறந்து போனவற்றைத் தனியாகக் குறியுங்கள், அவை அந்த நிலத்தைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு பறவையும் ஏறத்தாழ எத்தனை மீட்டர் தொலைவில் இருந்தது என்பதையும் எழுதினால் பின்னர் அடர்த்தியைக் கணக்கிட முடியும். தொலைவை மதிப்பிடக் கண்ணைப் பழக்க, முந்தைய நாள் மாலையில் மின்கம்பங்களுக்கு இடையே உள்ள தூரத்தை நடந்து அளந்து பார்ப்பது நல்ல பயிற்சி.

ஒரே இடத்துக்கு நான்கு முறையாவது போக வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் கணக்கு இருக்கிறது. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி ஒரு புள்ளியில் உண்மையாகவே வாழ்கிறது, ஒரு முறை போனால் அது நம் கண்ணில் படும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரே முறை போய்த் திரும்பினால் அதைத் தவறவிடும் வாய்ப்பு 60 விழுக்காடு. நான்கு முறை போனால் நான்கு முறையும் தவறவிடும் வாய்ப்பு 0.6ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது, அதாவது ஏறத்தாழ 13 விழுக்காடு. "இங்கே ஒன்றும் இல்லை" என்று ஒரே நாளில் எழுதப்படும் அறிக்கைகளை ஏன் ஏற்கக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. அதனாலேயே பார்க்காத நாளையும் பதிய வேண்டும். போனேன், 10 நிமிடம் நின்றேன், ஆள்காட்டி இல்லை என்ற வரிக்கும் மதிப்பு உண்டு.

குளங்களில் முழு எண்ணிக்கை எடுக்கலாம். குளத்தைக் கரைவாரியாகப் பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, ஆளுக்கு ஒரு பகுதியாக ஒரே நேரத்தில் எண்ணுங்கள். பெருங்கூட்டத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளக்க வேண்டும். நீர் ஆழத்தையும் சேர்த்து எழுதுங்கள்: உள்ளான்கள் ஒரு சாணுக்கும் குறைந்த நீரில் இரை தேடும், நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் ஆழம் வேண்டும். கூடுகள் இருந்தால் எந்த மரத்தில், எத்தனை. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை எடுத்துவிடலாம் என்ற பேச்சு வரும்போது இந்த ஒரு வரி தேவைப்படும்.

இப்படித் தொடர்ந்து பார்க்கப்பட்ட குளங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஈரோடு மாவட்டத்தின் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் அதே பட்டியலில் சேர்ந்தது. பின்னலாடை நகரத்தின் விளிம்பில் உள்ள ஒரு குளத்துக்கு அந்த மதிப்புக் கிடைத்ததில் ஆண்டுக்கணக்கில் காலையில் போய் எண்ணியவர்களின் குறிப்பேடுகளுக்கும் பங்கு உண்டு.

இரவில் ஒரு முறையாவது இட்டேரியில் நடந்து பக்கிப் பறவைகளையும் ஆந்தைகளையும் குரலால் குறியுங்கள். வேலி அடியில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் படுத்திருக்கும்; முழங்கால் உயரக் காலணியும் கைவிளக்கும் இல்லாமல் யாரையும் அழைத்துப் போக வேண்டாம்.

பாலூட்டிகள், ஊர்வன, பூச்சிகள்

சமவெளியின் பாலூட்டிகள் பெரும்பாலும் இரவாடிகள். நரி, காட்டுப்பூனை, மரநாய், முள்ளம்பன்றி, முயல் ஆகியவற்றை நேரில் பார்ப்பதைவிடத் தடங்களாலும் எச்சங்களாலும் அறிவதே வழக்கம். பள்ளத்து ஈரமணலில் விடியற்காலையில் தடம் பார்த்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். தானியங்கிக் கேமரா வைத்தால் முழங்கால் உயரத்துக்குக் கீழே, வேலியின் இடைவெளிகளை நோக்கி, ஓரிடத்தில் 20 இரவுகளாவது இருக்கட்டும். அதில் மனிதர்களும் பதிவார்கள். அந்தப் படங்களை அழித்துவிடுவோம் என்று முன்பே உரிமையாளரிடம் சொல்லி, சொன்னபடி அழிக்கவும் வேண்டும். சாலையில் அடிபட்டுக் கிடப்பவையும் தரவுதான்: இடம், தேதி, இனம்.

பட்டாம்பூச்சிகளுக்கு 500 மீட்டர் பாதையில் மெதுவாக நடந்து, இரு பக்கமும் 2.5 மீட்டருக்குள் வருவதை மட்டும் எண்ணும் முறை போதுமானது.

ஊர்வனவற்றில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். நட்சத்திர ஆமையைக் கண்டால் இடத்தை எந்தப் பொதுத் தளத்திலும், வாட்ஸ்அப் குழுவிலும் வெளியிடாதீர்கள். கடத்தலின் காரணமாக 2019இல் அது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. கைப்பேசிப் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும் என்பதால் படத்தைப் பகிர்வதும் இடத்தைப் பகிர்வதுதான். எறும்புதின்னியான அலங்குக்கும் இதே விதி. அறிக்கையில் "இந்தப் புல எண்களில் பாதுகாக்கப்பட்ட இனம் உண்டு" என்று மட்டும் எழுதி, விவரத்தை வனத்துறைக்குத் தனியாகக் கொடுங்கள்.

ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்பது

ஒரு கொறங்காட்டில் நாற்பது ஆண்டு ஆடு மேய்த்தவருக்குத் தெரிவது மூன்று சுற்றுக் கணக்கெடுப்பில் நமக்குத் தெரியாது. ஆனால் கேட்கும் முறை ஒழுங்காக இருக்க வேண்டும். "நரி இருக்குதுங்களா?" என்று கேட்டால் வந்தவரின் மனம் நோகக் கூடாதே என்று "இருக்குதுங்க தம்பி" என்பார்கள். கடைசியாக எப்போது, எந்த இடத்தில், பகலா இரவா, என்ன செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் மகள் கல்யாணத்துக்கு முன்பா பின்பா, கிணறு வற்றிய வருடமா என்று கேட்டால் காலம் பிடிபடும். படங்களைக் காட்டும்போது அந்த வட்டாரத்தில் வாழவே முடியாத ஒரு விலங்கின் படத்தையும் நடுவில் வையுங்கள். அதையும் பார்த்தேன் என்பவரின் மற்ற விடைகளைத் தள்ளிவிட வேண்டியதில்லை, ஆனால் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களிடம் தனியே பேசுங்கள். கீரைக்கும் மருந்துக்கும் வேலியோரம் போகிறவர்கள் அவர்கள். செடிகளின் பட்டியல் அங்கேதான் நீளும்.

குறிப்பேடு

ஒவ்வொரு பதிவிலும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பார்த்தவர்கள் பெயர், வானிலை, புல எண், நில வகை, இடக்குறிப்பு ஆகியவை கட்டாயம். இடக்குறிப்பில் ஒரு பொதுவான பிழை உண்டு. நம் பகுதியின் அகலாங்கு 11ஐ ஒட்டியும் நெட்டாங்கு 77ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டையும் மாற்றி எழுதினால் காங்கயத்து ஆள்காட்டி வடதுருவக் கடலில் போய் விழும். அடையாளத்தில் உறுதி, ஓரளவு உறுதி, ஐயம் என மூன்று நிலைகள் வைத்து, ஐயத்தை மறைக்காமல் எழுதுங்கள். அன்றன்று இரவே கணினியில் ஏற்றி, தாளையும் வைத்திருங்கள்.

தரவிலிருந்து தீர்மானத்துக்கு

இங்கேதான் பல கணக்கெடுப்புகள் நின்றுபோகின்றன. மொத்த இன எண்ணிக்கையை வைத்து இடங்களைத் தரப்படுத்துவது எளிது, தவறும்கூட. தோட்டத்து வரப்பில் காகம், மைனா, மயில், தவிட்டுக்குருவி என நாற்பது இனம் இருக்கலாம். அவை எங்கும் வாழும். வெறிச்சோடிக் கிடக்கும் மேட்டுப் புல்தரையில் பதினைந்தே இனம் இருக்கலாம். அவற்றில் நான்கு வேறெங்கும் போக இடமில்லாதவை. ஆகவே ஒவ்வொரு புல எண்ணுக்கும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இங்கே இருப்பது ஊரில் வேறு எங்கே இருக்கிறது? இந்த இடம் போனால் திரும்ப உருவாக எத்தனை காலம் ஆகும்? இதற்கு இப்போது வரும் ஆபத்து எது? குட்டையை மறுபடி வெட்டலாம். இரண்டு தலைமுறை வளர்ந்த கிளுவை வேலியை ஒரே நாளில் பிடுங்கிவிட்டு ஓராண்டில் திரும்ப வளர்க்க முடியாது.

பிறகு பரிந்துரைகளைப் பணி ஆணையின் மொழியில் எழுதுங்கள். "பல்லுயிர் வளத்தைப் பாதுகாக்க வேண்டும்" என்பது பரிந்துரையாகாது. தூர்வாரும் குளத்துக்கு இப்படி எழுதலாம்: மேற்குக் கரையோரம் ஆழப்படுத்தாமல் சரிவாக விட வேண்டும், கூடுள்ள மரங்களைச் சுற்றி மண் எடுக்கக் கூடாது, வற்றிய குளத்தரையில் ஆள்காட்டி முட்டையிடும் பகுதிகளைக் கல் நட்டுக் குறித்து, குஞ்சுகள் வெளியேறும் வரை அங்கே மட்டும் வண்டி இறங்கக் கூடாது. குளம் வற்றும் கோடையில்தான் தூர்வார முடியும், அதே கோடையில்தான் அவை முட்டையிடும்; எனவே முழுப்பணியையும் நிறுத்தச் சொல்வதைவிட இடத்தைப் பிரித்துக் கேட்பதே நடக்கும். இட்டேரிக்கு: செடிவகை குறைந்த பக்கத்தில் மட்டும் அகலப்படுத்துக, மறுபக்க வேலியை விடுக. சீமைக்கருவேலுக்கு: ஒரே வீச்சில் அகற்றாமல், கூடில்லாத பகுதியிலிருந்து தொடங்கி, அகற்றிய இடத்தில் மறுமுளை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போவது. கொறங்காட்டு உரிமையாளரிடம் பறவையைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. எத்தனை வகைப் புல், எந்தப் பகுதி மேய்ச்சலால் தேய்ந்திருக்கிறது, எதற்கு ஓய்வு கொடுத்தால் புல் தேறும் என்ற விவரம் அவர் மாட்டுக்கும் உதவும். அந்தப் பக்கத்தை முன்னால் வையுங்கள்.

அறிக்கை எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதலில் தமிழில் ஒரே பக்கச் சுருக்கமும் ஒரு வரைபடமும் வேண்டும். அதை உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழுவிடமும் மாவட்ட வன அலுவலரிடமும் கொடுங்கள். நீர்நிலை என்றால் குளத்துக்குப் பொறுப்பான துறைக்கும். கிராம சபையில் வைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். தமிழகத்தில் குடியரசு நாள், தண்ணீர் நாளான மார்ச் 22, மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. எந்தக் கூட்டத்துக்கு முன் உங்கள் தரவு தயாராக வேண்டும் என்பதை முதல் பக்கத்திலுள்ள மூன்றாவது வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுபடி அதே இடத்தில்

ஒரு முறை எடுத்த கணக்கு நிலையைச் சொல்லும், மாற்றத்தைச் சொல்லாது. ராஜஸ்தானின் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணி வைத்திருந்ததால்தான், 1990களின் இறுதியில் மறுபடி எண்ணியபோது அவை எவ்வளவு வீழ்ந்திருந்தன என்பது தெரியவந்தது. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபீனாக் மருந்தே காரணம் என்பது அதன் பின் நிறுவப்பட்டு, 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று வட்டமிடும் பாறுகளுக்கும் அந்தத் தடை ஒரு கவசம்.

ஆகவே உங்கள் புள்ளிகளை அடுத்தவர் கண்டுபிடிக்கும்படி விட்டுச்செல்லுங்கள். இடக்குறிப்பு எண்களோடு ஊர்வழியையும் எழுதுங்கள்: மாரியம்மன் கோயிலிலிருந்து தெற்கே போகும் இட்டேரியில் மூன்றாவது மின்கம்பம், எதிரே தனி வெள்வேல். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நான்கு திசைகளிலும் ஒவ்வொரு படம், ஆண்டுதோறும் அதே மாதத்தில். குறிப்பேட்டின் ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்று பள்ளிக்கூட நூலகத்திலும், ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.